ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தது வேலைக்காக என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் வருஷத்திலிருந்து நான் படித்தது என் பெரியப்பாவைப் பழிவாங்குவதற்கு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாருக்காக மூடி மறைக்கவேண்டும்?

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. தாத்தா விட்டுப்போன நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் சரிபாதியாகப் பிரிந்தது. கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஒரே கிணறு, ஒரே மோட்டார். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு ஆறு மணி நேரம், அடுத்து எங்கள் நைனாவுக்கு ஆறு மணி நேரம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

ஆறு மணி நேரம் என்றால் கடிகாரத்து ஆறு மணி நேரம் இல்லை. கரெண்ட் இருக்கிற ஆறு மணி நேரம். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் மோட்டாருக்குக் கரெண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். காலையில் ஒன்றரை மணி நேரம் இருக்கும், மத்தியானம் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும். ஒருவருடைய முறை முடிய ஒரு நாளுக்கு மேலேகூட ஆகும். இதற்கெல்லாம் நேரம் பார்த்தது மூத்தவரான பெரியப்பா. மோட்டார் கொட்டகையில் ஒரு டைம்பீஸ் வைத்திருந்தார்.

அவர் முறையில் கரெண்ட் போனால் நேரமும் நின்றுவிடும். "கரெண்டே இல்லியேடா, அப்பறம் எப்டி என் முறை ஓடும்?" என்பார். எங்கள் முறையில் கரெண்ட் போனால் நேரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "நேரம் நேரம்தான்டா. கரெண்ட் போனா நான் இன்னா பண்றது? ஒன் தலையெயுத்து" என்பார். இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே வாயால், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்லுவார். நைனா வாயில்லாப் பூச்சி. தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

நான் முதல் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருந்தேன். சென்னையில் பெண்கள் பாலிடெக்னிக், ஹாஸ்டல் வாசம். வீட்டுக்கு வந்த நாலாவது நாள் எங்கள் முறை. கழனிக்குத் தண்ணீர் பாதிதான் பாய்ந்திருந்தது. பெரியப்பா வந்து ஸ்டார்ட்டரை இறக்கி மோட்டாரை நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் கீதுண்ணா எனக்கு" என்றார் நைனா.

"எவன் சொன்னான்? ஒன் பொண்டாட்டி சொன்னாளா?"

நைனா ஸ்டார்ட்டரைத் தொடக் கையை நீட்டினார். பெரியப்பா நெஞ்சில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். நைனா மல்லாக்கக் கால்வாயில் விழுந்தார். தலை, முதுகு, வாய் எல்லாம் சேறு. பக்கத்துக் கழனியில் சேரியிலிருந்து வந்த பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை, எல்லோரும் குனிந்துகொண்டார்கள். சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நைனா எழுந்து துண்டை அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சோறு கேட்டார், சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நீ படிக்கிற வேலயப் பாரு. பெரியவங்க விசயத்துல தல குடுக்காத" என்றாள் அம்மா. நான் எந்த வேலையைப் பார்க்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

தெரிந்தது இரண்டாம் வருஷத்தில் கவுன்ட்டர் பாடம் நடத்தியபோது. கவுன்ட்டர் என்றால் எண்ணும் சுற்று. கரெண்டின் அலை நொடிக்கு ஐம்பது தரம் ஏறி இறங்குகிறது, அந்தத் துடிப்பை எண்ணினாலே நேரம் தெரிந்துவிடும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பேனா நின்றுவிட்டது. கரெண்ட் இருந்தால் துடிப்பு உண்டு. கரெண்ட் போனால் துடிப்பு இல்லை, எண்ணிக்கை இருந்த இடத்திலேயே நிற்கும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். டைம்பீஸுக்கு வேலை இல்லை. டைம்பீஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் வேலை இல்லை. 'மாட்டினீரா பெரியப்பா' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

வருஷம் முழுக்க அந்தப் பெட்டியைச் செய்தேன். சனிக்கிழமைகளில் ரிச்சி தெருவில் அலைந்து ஐ.சி. சில்லுகளைப் பொறுக்கினேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் துடிப்பு. அதையெல்லாம் எண்ணி, மணிக்கு ஒரே ஒரு துடிப்பாகக் குறைத்துக் கொடுக்கிற சில்லுகள் முன்னால். அந்த மணிகளை எண்ணுகிற சில்லு கடைசியில். அதற்குள் நான்கு ஃபிளிப்-ஃப்ளாப். ஃபிளிப்-ஃப்ளாப் என்பது இரண்டே நிலை தெரிந்த ஒரு சின்னச் சுற்று, ஒன்று அல்லது சைபர். நான்கையும் வரிசையாகக் கோத்தால் மணியை எண்ணலாம். எண்ணிக்கை சைபர் ஆனால் சிவப்பு விளக்கு எரியும், பெரியப்பா முறை. ஆறு ஆனால் பச்சைக்கு மாறும், எங்கள் முறை. பன்னிரண்டைத் தொட்டதும் மறுபடி சைபர். எரிகிற விளக்கு அடுத்த கட்டளை வரும்வரை மாறாது. கரெண்ட் போனால் எண்ணிக்கை மறந்துபோகாமல் இருக்கப் பேட்டரி.

ஃபிளிப்-ஃப்ளாப்புகளைக் கோப்பதில் இரண்டு விதம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றில் நான்கும் ஒரே துடிப்பை ஒரே நேரத்தில் கேட்டு ஒன்றாக மாறும். இன்னொன்றில் முதலாவதுக்கு மட்டும்தான் துடிப்பு. இரண்டாவது முதலாவதைப் பார்த்து மாறும், மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து, நான்காவது மூன்றாவதைப் பார்த்து. இந்த இரண்டாம் விதத்துக்குத்தான் அசிங்க்ரனஸ் என்று பெயர். அதற்குச் சாமான் குறைவு, ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சோல்டரிங் வேலையும் குறைவு. நான் அதைத்தான் எடுத்தேன். அதிலும் பேட்டரியைக் கம்மியாகத் தின்கிற ஐ.சி.யாகப் பார்த்து வாங்கினேன். அந்த வகைக்கு நடை மெதுவு. இருக்கட்டும், மணிக்கணக்கு எண்ணப் போகிற பெட்டிக்கு வேகம் எதற்கு?

செய்து முடித்ததும் சோதித்தேன். ஆறு தரம் பட்டனை அழுத்தினேன், சிவப்பு போய்ப் பச்சை வந்தது. எண்ணிக்கையைப் பதினொன்றில் வைத்து ஒரு தரம் அழுத்தினேன், பச்சை போய்ச் சிவப்பு வந்தது. ஹாஸ்டல் அறையில் குதித்தேன். நடுவில் இருக்கிற ஏழு, எட்டு, ஒன்பதையெல்லாம் அழுத்திப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. எனக்கு ஊருக்குப் போகவேண்டும், பெரியப்பா முகத்தைப் பார்க்கவேண்டும்.

சொர்ணவாரிப் போகத்துக்கு நடவு முடிந்திருந்த நேரம், கோடை லீவு. பெட்டியை பிஸ்கட் டின்னில் அடைத்து எடுத்துப் போனேன். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து மோட்டார் கொட்டகையில் மாட்டினேன். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நாலு பேர் எதிரில் வேண்டாம் என்று சொன்னால் இத்தனை நாள் டைம்பீஸை வைத்துச் செய்த திருட்டு சபைக்கு வந்துவிடும். "பொட்டப்புள்ள வெளயாட்டுச் சாமானு செஞ்சாந்துகீது. வெச்சிட்டுப் போவட்டும்" என்றார்.

நான் அதோடு விட்டேனா? அதுதான் என் புத்தி. இன்றைக்குச் சரி என்பார், நாளைக்குப் பெட்டியைப் பிடுங்கிக் கிணற்றில் போடுவார். அதனால் சத்தியம் கேட்டேன். எங்கள் ஊரில் கற்பூரத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. வாசகத்தையும் நானே சொல்லிக்கொடுத்தேன். "என் பயிரு கயினியில கீற வரிக்கும் இந்த லைட்டு சொல்றதுதான் முறை. பொட்டிய நானும் தொறக்க மாட்டேன், ஆள வெச்சும் தொறக்க மாட்டேன்." பெரியப்பா அணைத்தார். நைனாவும் அணைத்தார். நைனா அழுத்தி அணைத்தார், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மூடியின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தேன்.

முதல் முறை பெரியப்பாவுடையது. அவருடைய ஆறு மணி நேரம் மறுநாள் மத்தியானம் முடிந்தது. விளக்கு பட்டென்று பச்சைக்கு மாறியது. நடுவில் மூன்று தரம் கரெண்ட் போய் வந்திருந்தது, ஒரு நிமிஷம்கூட அவரால் திருட முடியவில்லை. அவர் டைம்பீஸைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், போனார். நைனா மடையைத் திருப்பினார். நான் வரப்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே மாங்காய் தின்றேன். அப்படி ஒரு மாங்காயை நான் அப்புறம் தின்றதில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து விளக்கு சிவப்பானது.

கரெண்ட் போகவில்லை, ஒன்றும் இல்லை. தானாக மாறியது. பெரியப்பா எங்கிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாரோ, வந்துவிட்டார். "இன்னா தம்பி, லைட்டு செவப்பாயிட்சே. மடய மாத்து."

"தப்பு! ரெண்டு மணி நேரம்தான் ஆச்சி! பொட்டி எங்கியோ கெட்டுப்போயிட்ச்சி!" என்று கத்திக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினேன். பெட்டிக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும் என்று தோன்றியது. கையை வைக்கப் போனேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொப்பளித்த கை. அவருக்கு வலித்திருக்கும், பிடியை விடவில்லை.

"சத்தியம் பண்ணிக்கீறேன், வா வெளிய" என்றார். போய் மடையை அண்ணன் பக்கம் திருப்பிவிட்டார்.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கு அடுத்ததும் அப்படியே. பன்னிரண்டு மணி நேரத்தில் பெரியப்பாவுக்குப் பத்து, எங்களுக்கு இரண்டு. டைம்பீஸை வைத்துக்கொண்டு அவர் செய்த திருட்டில்கூட எங்களுக்கு நாலு மணி நேரமாவது கிடைத்துக்கொண்டிருந்தது! என் கையால் செய்த பெட்டி, என் வாயால் சொல்லிக்கொடுத்த சத்தியம், என் அப்பாவின் பயிர். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர் வெளுக்க ஆரம்பித்தது, கழனி வெடித்தது. பத்து மணி நேரத் தண்ணீர் கிடைக்கிற தைரியத்தில் பெரியப்பா தரிசாகப் போட்டிருந்த இன்னொரு துண்டையும் உழுது நாற்று நட்டார். "எல்லாம் எங்க இன்ஜினியர் பொண்ணு புண்ணியம்" என்று டீக்கடையில் சொன்னாராம். காது வழியாகப் புகை வராத குறைதான் எனக்கு.

ஒழுங்கில்லாமல் கெட்டிருந்தால் பெட்டி ரிப்பேர் என்று விட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் சரியாக எங்கள் இரண்டாவது மணி முடியும்போதுதான் மாறியது. எங்கள் முறை ஆறில் தொடங்குகிறது. ஆறு, ஏழு, அப்புறம் எட்டு. ஏழிலிருந்து எட்டுக்குப் போகும்போது என்னமோ நடக்கிறது. நோட்டில் வரைந்து வரைந்து பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

ஒரு நாள் காலை பெரியப்பா கழனியில் களையெடுக்க வந்த பெண்கள் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரை வரிசையாக உட்காரவைத்தேன்.

"இன்னா பாப்பா, கோலாட்டமா?" என்றாள் முதலாமவள்.

"வெளயாட்டு இல்லக்கா. நின்னா ஒண்ணு, குந்தினா சைபர். நான் கை தட்டறப்பல்லாம் நீ மட்டும் மாறணும், குந்திக்கினு இருந்தா எய்ந்துக்கணும், நின்னுக்கினு இருந்தா குந்தணும். மத்தவங்க என் கையப் பாக்கக் கூடாது. ஒனக்கு முன்னாடி கீறவ எப்ப குந்தறாளோ அப்ப நீ மாறணும்."

முதலாமவள் நின்றால் ஒன்று, இரண்டாமவள் நின்றால் இரண்டு, மூன்றாமவள் நாலு, நாலாமவள் எட்டு. நிற்கிறவர்களைக் கூட்டினால் எண்ணிக்கை. தட்டினேன். முதலாமவள் எழுந்தாள், ஒன்று. தட்டினேன். அவள் உட்கார, அதைப் பார்த்து இரண்டாமவள் எழுந்தாள், இரண்டு. இப்படியே சிரித்துக்கொண்டும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டும் ஏழு வரை வந்துவிட்டார்கள். மூன்று பேர் நிற்கிறார்கள், நாலாமவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி.

எட்டாவது தரம் தட்டினேன். முதலாமவள் உட்கார்ந்தாள். நிற்பது ஆறு. அதைப் பார்த்து இரண்டாமவள் உட்கார்ந்தாள். நாலு. அதைப் பார்த்து மூன்றாமவளும் உட்கார்ந்தாள். நாலாமவள் "அய்யோ யம்மா" என்று தரையில் கையை ஊன்றிக்கொண்டு இன்னும் எழுந்துகொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் நாலு பேருமே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சைபர்!

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு சைபர் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத நேரம்தான். ஆனால் என் விளக்குக்குச் சைபர் வந்தால் சிவப்பு, அவ்வளவுதான் தெரியும். உண்மையான சைபரா, வழியில் வந்துபோகிற சைபரா என்று அது கேட்குமா? மாறியதும் அப்படியே நின்றுவிடும். மெதுவான ஐ.சி. வேறு வாங்கித் தொலைத்தேனா, அந்தச் சைபரை விளக்கு பிடித்துக்கொள்கிற அளவுக்கு அது நீண்டுவிட்டது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதும், மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போதும்கூடப் பொய்ச் சைபர் வரும். ஆனால் அப்போது ஏற்கனவே சிவப்பு எரிகிறது, நஷ்டம் இல்லை. கெட்டது முழுக்க எங்கள் முறையில் மட்டும். இந்தக் கோளாறு பற்றி நோட்டில் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியவள் நான். என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு அதே நாலு பெண்களை வைத்து மறுபடி செய்துகாட்டினேன். பெரியப்பாவும் வந்து பார்த்தார். ரசித்துப் பார்த்தார்.

"சரிம்மா இன்ஜினியரு, நீ சொல்றது மெய்தான். பொட்டி தப்புதான். செஞ்சது யாரு, நானா?" என்றார். "லைட்டு சொல்றபடி நடக்கறேன்னு சத்தியம் பண்ணோம். லைட்டு சரியா சொல்லணும்னு யாரும் சத்தியம் பண்ணலியே. சத்தியம்னா சத்தியம்தான். இன்னா, நான் சொல்றது?" பெரியவர்கள் இருவரும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு ஆமாம் என்றார்கள். நைனா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். எனக்கு அவர் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. என்ன ஜென்மம் இது, ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று அன்றைக்கெல்லாம் அம்மாவிடம் கத்தினேன்.

பாலிடெக்னிக் திறக்க ஒரு வாரம் இருந்தது. காலையில் நைனா மாடுகளை அவிழ்த்தார். நாலு மாடு. மேய்ச்சலுக்குப் போகிறார் என்று நினைத்தேன். நேராக எங்கள் கழனிக்கு ஓட்டிப்போய், வரப்பில் இருந்த முள்ளை இழுத்துப்போட்டுவிட்டு, நிற்கிற பயிருக்குள் விட்டார்.

அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். "நைனா! பாதியாவது தேறுமே நைனா!"

"தேறும். மீதி தானா காஞ்சா அவன் ஜெயிச்சான்" என்றார். துண்டை விரித்து வரப்பில் உட்கார்ந்து மாடுகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாடுகளையும் வரச்சொன்னார். மத்தியானத்துக்குள் கழனியில் அடிக்கட்டைதான் இருந்தது. அப்புறம் போய் அதே பெரியவர்களைக் கூட்டிவந்தார்.

"பாருங்க. என் கயினியில பயிரு கீதா?"

அவர்கள் பார்த்தார்கள். "இல்ல."

"அப்ப என் சத்தியம் தீந்திச்சி. அண்ணனுக்குப் பயிரு கீது. அவுரு சத்தியம் அப்டியே கீது. சரியா?"

பெரியவர்களில் ஒருவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, சிரிப்பை அடக்க இருமினார். நைனா கொட்டகைக்குள் போய் அரிவாள் பிடியால் அரக்கைத் தட்டி உடைத்தார். "பாப்பா, வா. சரி பண்ணு."

ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். குனிந்து மெதுவாகக் கேட்டேன். "நமக்குப் பத்து, அவுருக்கு ரெண்டுன்னு மாத்திடட்டா நைனா? யாருக்கும் தெரியாது."

"ஒயுங்கா பண்ணு. ஆறுக்கு ஆறு. அதுவே போதும்."

அவரை அப்போது தருமவான் என்று நினைத்தேன். ஒரே ஒரு ஒயர் வேலைதான். துடிப்பு வந்தவுடனே எண்ணிக்கையைப் பார்க்காமல், நாலு ஃபிளிப்-ஃப்ளாப்பும் மாறி அடங்கியபிறகு பார் என்று விளக்குக்குச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். இந்தத் தடவை சைபரிலிருந்து பதினொன்று வரை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மூன்று சுற்று பார்த்தேன்.

பெரியப்பாவுக்கு அன்றைக்கு முகத்தில் கவலையே இல்லை. தம்பிக்குத்தான் பயிர் இல்லையே, அவன் முறைத் தண்ணீரும் நமக்குத்தான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். பச்சை வந்தபோது மடையைத் தன் பக்கமே விட்டிருந்தார். நைனா மண்வெட்டியோடு வந்து அதை அடைத்து, எங்கள் வெறும் கழனிக்குத் திருப்பினார்.

"பயிரே இல்ல, தண்ணி இன்னாத்துக்குடா?"

"என் முறைண்ணா" என்றார் நைனா. மாட்டுச் சாணியும் அடிக்கட்டையும் கிடந்த தரையில் தண்ணீர் பரவியது. பெரியப்பா ஊர்ப் பெரியவர்களிடம் போனார். சத்தியம்னா சத்தியம்தானே, நீங்களே சொன்னீங்களே என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். ஆனால் ஒரு சனிக்கிழமை விடவில்லை, காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து உத்திரமேரூர் பஸ் மாறி, வந்துவிடுவேன். அம்மாவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். வந்ததும் பையை வைத்துவிட்டு நேராகக் கழனிக்குத்தான் போவேன். அந்த வருஷம் மழை பொய்த்து, கரெண்டும் நாளுக்கு இரண்டு மணி நேரமாகச் சுருங்கியிருந்தது, ஒருவருடைய முறை மறுபடி வர ஆறு நாள் ஆயிற்று. முதல் வாரம் பெரியப்பா ஆசைப்பட்டு நட்ட புதுத் துண்டு சுருண்டிருந்தது. இரண்டாம் வாரம் அது போயே போய்விட்டது. அடுத்து அவருடைய மேட்டுக் கழனி. கதிர் வெளியே வரவேண்டிய நேரம், அப்போது தண்ணீர் தவறினால் பதர்தான். கதிர் பாதி வந்தும் வராமலும் வெள்ளையாக நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை சந்தோஷம் என்றால், ஒவ்வொரு வரப்பாக நடந்து நடந்து பார்த்தேன். நைனா வாரம் தவறாமல், முறை தவறாமல், ஆறு மணி நேரமும் வெறும் தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மூலைகளுக்குக்கூடத் தண்ணீர் போகிறதா என்று மண்வெட்டியால் வழி எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் சனிக்கிழமை பெரியப்பா வந்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது. ஆள் இளைத்துப்போயிருந்தார். செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார்.

"தம்பி, ஒரு மணி நேரம் உடுடா. பள்ளத்துக் கயினியாவது பொயச்சிக்கும். வூட்ல சாப்பாட்டுக்கு அது ஒண்ணுதான்டா கீது" என்றார்.

நைனா மண்வெட்டியை ஊன்றி நின்றார். அண்ணனைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பாப்பா. பொட்டி ஒன்னுது. குடுக்கலாமா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. குடு என்று சொல்ல ஒரு நொடி போதும். நாங்கள் நனைத்துக்கொண்டிருந்தது சாணியை. பெரியப்பா என்னைப் பார்த்தார், அவர் என்னை முகத்துக்கு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். அந்தக் கண்ணைப் பார்த்தும் என் மனசு இளகவில்லை. சொல்லப்போனால் அந்தக் கண்ணைப் பார்க்கத்தான் நான் ஒரு வருஷம் சோல்டரிங் புகையை முழுங்கியிருந்தேன்.

"வாணாம் நைனா. குடுக்காத" என்றேன்.

"கேட்டுக்கினியாண்ணா" என்று சொல்லிவிட்டு நைனா குனிந்து வேலையைப் பார்த்தார். பெரியப்பா திரும்பிப் போனார். பள்ளத்துக் கழனியும் போயிற்று. அந்தப் போகத்தில் எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு படி நெல் இல்லை.

அந்தத் தை மாதம், பொங்கல் லீவுக்கு வந்திருந்தேன். மாட்டுப்பொங்கல் அன்று மத்தியானம் நைனாவைக் காணவில்லை. "பெரிப்பா வூட்டுக்குப் போயிகீறார், போய்ச் சாப்பாட்டுக்குக் கூட்டியா" என்றாள் அம்மா, எதுவுமே நடக்காத மாதிரி. என்றைக்கு ராசியானார்கள், யார் போய் யாரைக் கூப்பிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போனேன். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அண்ணனும் தம்பியும் எதிர் எதிராகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா காப்பி கொடுத்துவிட்டுப் போனாள்.

"நீயா இருந்தா குடுத்திருப்படா. எனக்குத் தெரியாதா ஒன்ன?" என்றார் பெரியப்பா. "ஒன் மனசு எனக்குத் தெரியும். எல்லாம் அந்தப் பொண்ணு பண்ணது. படிச்ச திமிரு."

நைனா இல்லை என்பார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டை விட்டது நான்தான் என்பார், அவளைச் சொல்லச் சொன்னதே நான்தான் என்பார் என்று நின்றேன்.

நைனா காப்பியை ஒரு வாய் குடித்தார். "சின்னப் பொண்ணுதானேண்ணா. மனசுல வெச்சிக்காத" என்றார்.